அணைஞ்சு அணைஞ்சு போகும் அடுப்பு

மேய்ன் மாநிலத்தில் நவம்பர் பிறந்துவிட்டால் ரெண்டே பேச்சுதான். ஒண்ணு, எத்தனை அங்குலம் பனி. இன்னொண்ணு, ஹீட்டிங் ஆயில் என்ன விலை. அமெரிக்காவிலேயே வீட்டைச் சூடாக்க எண்ணெயை அதிகம் நம்பி இருக்கிற மாநிலம் இதுதான். அந்தச் செலவுக்குப் பயந்து நிறைய பேர் கூடத்தில் ஒரு பெல்லட் ஸ்டவ் வெச்சிருப்பாங்க. நாங்க மூணு மாணவர்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டிலும் ஒண்ணு இருக்கு. வயசு எப்படியும் இருபத்தைந்துக்கு மேல. வீட்டுக்காரத் தாத்தா வாங்கும்போதே செகண்ட் ஹேண்டாம். நல்லா பத்திக்கும், ஜம்முன்னு எரியும், அப்புறம் எந்த முகாந்திரமும் இல்லாம அணைஞ்சு போகும். அதோட கதைதான் இது. மதுரைப் பக்கம் இருக்கிறவங்க "இது நமக்கு எதுக்கு"ன்னு ஓடிடாதீங்க. நடுவுல நம்மூர் மரத்தூள் அடுப்பும் பம்ப் ஸ்டவ்வும் வருது :-)

முதல்ல பெல்லட்னா என்னன்னு சொல்லிடறேன். மர அறுவை மில்லில் மிஞ்சுற தூளைக் காயவெச்சு, இரும்பு அச்சில் கடும் அழுத்தத்தில் நெருக்கித் தள்ளினா 6 மில்லிமீட்டர் கனத்தில் சின்னச் சின்னக் குச்சியா வரும். பார்க்க அப்படியே மாட்டுத் தீவனக் குச்சி. பசை எதுவும் சேர்க்க வேண்டியதில்லை, மரத்தில் இருக்கிற லிக்னினே சூட்டில் இளகி ஒட்டிக்கும். 40 பவுண்டு மூட்டையா விப்பாங்க. 50 மூட்டை சேர்ந்தா இந்த ஊர்க் கணக்கில் ஒரு டன். நல்ல ரகமா இருந்தா சாம்பல் 1 சதவீதத்துக்குள்ள, ஈரம் 8 சதவீதத்துக்குள்ள இருக்கணும். ஒரு பவுண்டுக்குச் சுமாரா 8000 பி.டி.யு. வெப்பம். கடுங்குளிர் நாளில் எங்க வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு மூட்டை போகும்.

1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் மரத்தை இப்படிக் குச்சியாக்கி எரிக்கிற யோசனை பெரிய கொதிகலன்களுக்குத்தான் முதல்ல வந்தது. வீட்டுக்குள்ள வைக்கிற அளவுக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்ரி விட்ஃபீல்ட். போயிங்கில் வேலை பார்த்த விமானப் பொறியாளர். 1980களில் வாஷிங்டன் மாநிலத்தில் அவர் பேரிலேயே அடுப்பு வந்தது. விமானக்காரர் அடுப்பு செஞ்சாருன்னா ஆச்சரியமா இருக்கும். ஆனா உள்ளே திறந்து பார்த்தா, அது முழுக்க முழுக்கக் காத்து எந்த வழியா போகுதுங்கிற சமாச்சாரம்தான்.

நம்மூர் மரத்தூள் அடுப்பு ஞாபகம் இருக்கா? தகர டின்னுக்கு நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, கீழே பக்கவாட்டு ஓட்டையில் ஒரு கட்டையைச் சொருகி, சுத்திலும் மரத்தூளை இடிச்சு இறுக்குவாங்க. அப்புறம் பாட்டிலையும் கட்டையையும் அலுங்காம உருவினா, காத்து போக ஒரு சந்து கிடைக்கும். அந்தச் சந்து இடிஞ்சு மூடிக்கிட்டா அவ்வளவுதான், புகைஞ்சு அணைஞ்சிடும். பெல்லட் ஸ்டவ்வும் அதே சாதிதான். கூடவே மூணு மோட்டார், ஒரு சர்க்யூட் போர்டு, நாலஞ்சு ஸ்விட்ச்.

மேல ஒரு தொட்டி. அதில் மூட்டையை அப்படியே கொட்டிடலாம். தொட்டிக்கு அடியில் ஆகர்னு ஒரு திருகு. எண்ணெய் ஆட்டுற எக்ஸ்பெல்லருக்குள்ள இருக்குமே, அந்த மாதிரி. அதை ஒரு மெதுவான மோட்டார் சில வினாடி சுத்தும், சில வினாடி நிறுத்தும். சுத்துறப்போ நாலஞ்சு குச்சி சரிவில் உருண்டு கீழே இருக்கிற கிண்ணத்தில் விழும். கிண்ணத்தில் ஓட்டை ஓட்டையா இருக்கும். தீ எரியறது அங்கதான். தீக்குப் பின்னாடி ஒரு ஃபேன் புகையை உறிஞ்சி, சுவர் வழியா போகிற குழாயில் வெளியே தள்ளும். கவனிங்க, இந்த ஃபேன் தீயை ஊதறது கிடையாது, உறிஞ்சுது. அதனால அடுப்பு அறைக்குள்ள காத்தழுத்தம் வெளியே இருக்கிறதைவிடக் கொஞ்சம் கம்மியா இருக்கும். சின்ன விரிசல் இருந்தாலும் காத்து உள்ளேதான் போகும், புகை வெளியே வராது. வீட்டுக்குள்ள சூடான காத்தை வீசறது வேற ஒரு ஃபேன். நிறைய பேர் இந்த ரெண்டையும் குழப்பிக்கறாங்க.

காவலுக்கு மூணு ஸ்விட்ச். ஒண்ணு வேக்குவம் ஸ்விட்ச். உள்ளே உறிஞ்சல் இருந்தாத்தான் ஆகர் மோட்டாருக்குக் கரண்ட் விடும். கதவு திறந்திருந்தாலோ குழாய் அடைச்சிருந்தாலோ தீனி கட். ரெண்டாவது, அதிகச் சூடு ஏறினா நிறுத்துற ஸ்விட்ச். மூணாவது, தீ உண்மையிலேயே பத்திக்கிச்சான்னு பார்க்கிற ஸ்விட்ச். பத்த வெச்சு பதினஞ்சு இருபது நிமிஷத்துக்குள்ள அந்த இடம் சூடாகலைன்னா "இங்க தீயே இல்லை"ன்னு முடிவு கட்டி அடுப்பையே மூடிடும்.

எங்க அடுப்பு டிசம்பர் கடைசியில் ஆரம்பிச்சது. வாரத்துக்கு ஒரு தடவை அணையும், அப்புறம் ரெண்டு தடவை, ஜனவரியில் தினமும். அதுவும் ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்குத்தான். வெளியே மைனஸ் 22 டிகிரி. சமையலறைத் தண்ணிக் குழாய் வெளிச்சுவரை ஒட்டிப் போகுது. அது உறைஞ்சு வெடிச்சா என்ன ஆகும்னு தாத்தா வீட்டுச் சாவி குடுக்கும்போதே ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தார். எண்ணெய்க் கொதிகலனும் இருக்கு. ஆனா ஒப்பந்தப்படி எண்ணெய்ச் செலவு எங்க தலையில். மூணு பேரோட உதவித்தொகையைக் கூட்டினாலும் அது தாங்காது. ரிப்பேர்க்காரருக்குப் போன் போட்டா, மூணு வாரம் கழிச்சுத்தான் வர முடியும், வந்து பார்க்கவே 200 டாலர்னு சொன்னாங்க.

அறைத்தோழன் ஒருத்தன் (நெல்லூர்க்காரன், மெக்கானிக்கல்) நல்ல யோசனை சொன்னான். அடுப்பு அணைஞ்சதும் உடனே திரும்பப் பத்த வைக்காம, ரெண்டு விஷயத்தைக் குறிச்சு வைப்போம். பத்த வெச்சு எவ்வளவு நேரத்தில் அணைஞ்சது, அணையறப்போ கிண்ணத்தில் என்ன இருந்தது. வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரிதான். கிண்ணம் நிறைய பாதி எரிஞ்ச கரிக்குச்சி கிடந்தா, தீனி வந்திருக்கு, காத்து வரலை. கிண்ணம் சுத்தமா காலியா இருந்தா, தீ பட்டினி கிடந்து செத்திருக்கு.

நாலு ராத்திரிக் கணக்கு எடுத்தோம். நேரம் ஒரு ஒழுங்கிலும் இல்லை. ஒரு நாள் ரெண்டு மணி நேரம், ஒரு நாள் ஆறு. ஆனா நாலு தடவையும் கிண்ணம் காலி, தொட்டியில் பாதிக்கு மேல பெல்லட், புகை ஃபேன் பாட்டுக்கு ஓடிட்டிருக்கு, ஆகர் மட்டும் அசையலை. இன்னொண்ணும் கண்ணில் பட்டது. மேற்கிலிருந்து காத்து விசிறி அடிக்கிற ராத்திரிகளில் சீக்கிரமே அணையுது. புகைக்குழாய் வெளியே எட்டிப் பார்க்கிறதும் மேற்குச் சுவரில்தான்.

சனிக்கிழமை தாத்தா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பளிச்சுன்னு சொல்லிட்டார், வேக்குவம் ஸ்விட்ச்தான் குற்றவாளின்னு. அதுவரைக்கும் எங்க சந்தேகமும் அதேதான். ஆனா அடுத்து அவர் சொன்ன வைத்தியம்தான் வயித்தைக் கலக்கிடுச்சு. அந்த ஸ்விட்ச்சுக்கு வர்ற ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி விட்டுடலாம், அவரோட மச்சான் வீட்டில் ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓடுதாம். அப்படியும் சரியாகலைன்னா அடுப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டுட்டு எல்லாரும் எண்ணெய்க்கே போயிடுவோம்னார்.

வாடகைக்கு இருக்கிறவன் வீட்டுக்காரரை எதிர்த்துப் பேசறது அவ்வளவு சுலபம் இல்லைங்க, அதுவும் அவர் வீட்டில், அவர் அடுப்பைப் பத்தி. இருந்தாலும் சொல்லியே ஆகணும். அந்த அடுப்புக்குப் பக்கத்து அறையில் தூங்கறது நாங்க. குழாய் அடைச்சிருக்கும்போதும் ஆகர் பாட்டுக்குக் குச்சியைத் தள்ளிட்டே இருந்தா, காத்து பத்தாம தீ புகையும். புகையிற தீயில் கார்பன் மோனாக்சைடு எக்கச்சக்கமா உண்டாகும். அதுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. அலாரம் மாட்டி இருக்கோம்தான். ஆனா அலாரத்தை நம்பி வாசல் கதவைக் கழட்டி வைக்க முடியுமா? பணிவாவே சொன்னேன்: ஒரு மணி நேரம் குடுங்க, ஸ்விட்ச் கெட்டிருக்கான்னு முதல்ல பார்த்துடுவோம், கெட்டிருந்தா புதுசு வாங்கிப் போடலாம். கவுண்டமணி செந்திலைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டார்.

சோதனை ரொம்ப எளிது. அடுப்பு நல்லா ஆறியிருக்கணும், பிளக்கைப் பிடுங்கி இருக்கணும். இது 120 வோல்ட் விவகாரம், விளையாட்டு இல்லை. ஸ்விட்ச்சிலிருந்து ரெண்டு ஒயரையும் கழட்டிட்டு மல்டிமீட்டரை வெச்சா, தொடர்பு இல்லைன்னு காட்டணும். காட்டுச்சு. ஸ்விட்ச்சில் மாட்டியிருக்கிற ரப்பர் குழாயோட இன்னொரு முனையை அடுப்பிலிருந்து உருவி, வாயில் வெச்சு லேசா உறிஞ்சினா (லேசா! உள்ளே மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு, ஊதவே கூடாது) 'டிக்'னு சத்தம் வந்து மீட்டர் பீப் அடிக்கணும். டிக். பீப். மூணு தடவை பண்ணினோம், மூணு தடவையும் அடிச்சுது. தாத்தாவும் ஒரு தடவை உறிஞ்சிப் பார்த்தார்.

ஆக, ஸ்விட்ச் நல்லாத்தான் இருக்கு. உள்ளே உறிஞ்சல் இல்லைன்னு அது சொன்னது உண்மை. அப்போ உறிஞ்சல் எங்க போச்சு?

செலவில்லாததில் இருந்து ஆரம்பிச்சோம். கதவு ஓரத்தில் கயிறு மாதிரி ஒரு கேஸ்கெட் இருக்கும். அதுக்குக் குறுக்கே ஒரு டாலர் நோட்டை வெச்சுக் கதவை மூடி, நோட்டை இழுத்துப் பார்க்கணும். இறுக்கமா வரணும். எங்க கதவில் மூணு பக்கம் இறுக்கம், கீல் பக்கம் மட்டும் வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கிட்டு வந்தது. அந்த இடத்தில் கயிறு அமுங்கிக் கல்லு மாதிரி ஆகியிருந்தது. புதுக் கயிறும் அதை ஒட்டுற சிமெண்ட்டும் ஹார்டுவேர் கடையிலேயே கிடைச்சது. தடிமன் மட்டும் அடுப்போட மேனுவல்படி இருக்கணும். கொஞ்சம் தடிச்சாலும் கதவு மூடாது.

அடுத்து, அந்த ரப்பர் குழாய் அடுப்புச் சுவரில் மாட்டுற சின்ன மூக்கு. அந்த ஓட்டையில் சாம்பல் கெட்டியா அப்பியிருந்தது. எங்க பாட்டி பம்ப் ஸ்டவ் நிப்பிளைப் பின் போட்டுக் குத்துவாங்களே, அதே டெக்னிக்தான். ஒரு பேப்பர் க்ளிப்பை நிமிர்த்திக் குத்தினதும் விபூதி மாதிரி பொலபொலன்னு கொட்டிச்சு. நிறைய வீட்டில் இந்த ஒரு குத்திலேயே அடுப்பு பிழைச்சுக்கும்னு சொல்றாங்க. எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அன்னைக்கு ராத்திரி அஞ்சு மணி நேரம் ஓடிட்டு, காத்து அடிச்சதும் மறுபடி அணைஞ்சுது. கிண்ணம் காலி.

ஞாயித்துக்கிழமை முழு ஆபரேஷன். இந்த அடுப்புகளில் தீக்குப் பின்னாடி இருக்கிற தகட்டைக் கழட்டினா, அதுக்கும் பின்னாடி ரெண்டு பக்கமும் சந்து இருக்கும். புகை அந்தச் சந்தில் இறங்கி வளைஞ்சு ஃபேனுக்குப் போகுது. வளையற இடத்தில் எல்லாம் சாம்பல் தங்கும். முன்னாடி கண்ணாடியைத் துடைச்சு, கிண்ணத்தைத் தட்டி, சாம்பல் டிரேயைக் காலி பண்ணினா அடுப்பு பளபளன்னு இருக்கும். பின்சந்தில் பல வருஷத்துச் சாம்பல் அப்படியே கிடக்கும். எங்களுடையதில் இடது சந்து முக்கால்வாசி அடைப்பு. ஃபேனைக் கழட்டிப் பார்த்தோம். அதோட இதழ்களில் சாம்பலும் கரியும் சேர்ந்து அப்பி, இதழுக்கு நடுவில் இடமே இல்லை. இப்படி இருந்தா மோட்டார் எவ்வளவு வேகமாச் சுத்தினாலும் காத்து நகராது. பிரஷ் போட்டுத் தேய்ச்சோம். ஃபேனுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு கேஸ்கெட் இருக்கும், கழட்டும்போது கிழிஞ்சே தீரும், அதனால புதுசு வாங்கி வெச்சுக்கிட்டுத்தான் கை வைக்கணும்.

கடைசியா இலை ஊதுற மெஷின். இலையுதிர் காலத்தில் முற்றத்துச் சருகை ஊதித் தள்ளுவாங்களே, அதுதான். அதோட உறிஞ்சுற பக்கத்தை வெளியே புகைக்குழாய் வாயில் பொருத்தி ஓட விட்டா, உள்ளே மிச்சம் இருக்கிற சாம்பல் எல்லாம் பிச்சுக்கிட்டு வரும். அடுப்பு ஒரு நாளாவது ஆறியிருக்கணும், வேக்குவம் குழாயை ஸ்விட்ச்சிலிருந்து கழட்டி வெச்சிருக்கணும். மெஷின் தாத்தாவுடையது, பிடிச்சதும் தாத்தாதான். போட்ட மறு வினாடி ஒரு கறுப்பு மேகம் கிளம்பிச்சு பாருங்க! முற்றத்துப் பனி பத்தடிக்குக் கறுத்துப் போச்சு. தாத்தாவோட வெள்ளைத் தாடியும்தான். சிரிக்கக் கூடாதுன்னு நான் கஷ்டப்பட்டுக்கிட்டு இருக்கும்போது அவரே சிரிச்சுட்டார். மொத்தச் செலவு நாற்பது டாலருக்குள்ள, அதை வாடகையில் கழிச்சுக்கச் சொல்லிட்டார். மச்சான் வீட்டு ஒயர் முறுக்கலைப் பத்தியும் அவரே பேச்சை எடுத்தார். அந்த வாரமே போய் அவிழ்த்துட்டு வந்ததாகப் பின்னாடி சொன்னார்.

சாம்பல் விஷயத்தில் ஒண்ணே ஒண்ணு. வீடு கூட்டுற வேக்குவம் கிளீனரை மட்டும் அடுப்புக்குள்ள விடாதீங்க. சாம்பலுக்குள்ள கங்கு ஒளிஞ்சிருந்து மணிக்கணக்கா உயிரோட இருக்கும். பேப்பர் பைக்குள்ள போச்சுன்னா கிளீனரே கொள்ளிக்கட்டை. அதுக்குன்னு தனிச் சாம்பல் வேக்குவம் விக்குது. வாரின சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வைக்கணும்.

உங்க அடுப்பும் இதே காரணத்தில்தான் அணையணும்னு இல்லை. கிண்ணம் நிறைஞ்சிருந்தா கிண்ணத்து ஓட்டைகளைப் பாருங்க. மட்டமான பெல்லட்டில் மண்ணு கலந்திருந்தா அது உருகிக் கண்ணாடிக் கட்டி மாதிரி உறைஞ்சு ஓட்டையை அடைக்கும். தீ உயரமா, சோம்பலா, நுனியில் கரியோட ஆடினா காத்து கம்மின்னு அர்த்தம். குட்டையா, வெள்ளையா, வெல்டிங் மாதிரி சீறினா காத்து அதிகம். பத்த வெச்ச இருபதாவது நிமிஷம் கடிகாரம் பார்த்த மாதிரி அணைஞ்சா, தீ பத்திக்கிச்சான்னு பார்க்கிற அந்த மூணாவது ஸ்விட்ச்சை மீட்டரில் சோதிக்கணும். அது ஆறியிருக்கும்போது திறந்தும், சூட்டில் மூடியும் இருக்கணும். அதிகச் சூட்டு ஸ்விட்ச் இதுக்கு நேர் எதிர். ஆகர் சுத்தியும் குச்சி விழலைன்னா, தொட்டியில் பெல்லட் பாலம் மாதிரி கவ்விக்கிட்டு நிக்குதான்னு கையை விட்டுப் பாருங்க. மூட்டை அடியில் சேர்ற தூளை அப்படியே கொட்டினா இந்த வம்பு வரும், எங்க வீட்டில் இப்போ சல்லடையில் சலிச்சுத்தான் போடறோம். ஆகர் மோட்டார் ஆறியிருக்கும்போது சுத்தி, சூடானதும் நின்னா, அதுக்கு ஆயுசு முடிஞ்சதுன்னு அர்த்தம்.

குறைஞ்ச சூட்டில் வெச்சா மட்டும் அணையற பழைய மாடல்களுக்கு ஒரு சுவாரசியமான பின்னணி உண்டு. 1988ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை விறகு அடுப்புகளுக்குப் புகைக் கட்டுப்பாடு கொண்டு வந்தது. எரிபொருளைவிடக் காத்து 35 மடங்குக்கு மேல போகிற அடுப்புகளுக்கு அதில் விலக்கு. சும்மா இருப்பாங்களா? சில மாடல்களில் அந்த விலக்குக்காகவே காத்தைத் தாராளமா விட்டு வடிவமைச்சாங்க. 2015ல் வந்த புது விதியில்தான் அந்தச் சந்து அடைபட்டது. அப்படிப்பட்ட அடுப்பில் தீனியைக் குறைச்சா, நாலு குச்சியில் எரியற தீ வர்ற காத்திலேயே குளிர்ந்து போயிடும். காத்துத் தகடு இருந்தா அதைக் கொஞ்சம் மூடணும், இல்லைன்னா ஒரு படி கூட வெச்சு எரிக்கிறதுதான் வழி.

எங்க அடுப்பு அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் எந்த மேற்குக் காத்துக்கும் அசையலை. பிப்ரவரியில் ஒரே ஒரு தடவை அணைஞ்சுது. பனிப்புயலில் மரம் சாய்ஞ்சு தெருவுக்கே கரண்ட் போன ராத்திரி. ஆமாங்க, மரத்தை எரிக்கிற அடுப்பு, தொட்டி நிறைய மரம், ஆனா கரண்ட் இல்லாம ஒரு குச்சி நகராது. எங்க ஊர் கரண்ட் கட்டில் வளர்ந்தவனுக்கு இதைவிட வேற என்ன சோதனை வேணும். இன்வெர்ட்டர் வாங்கித் தரேன்னு தாத்தா சொல்லியிருக்கார். விலை கம்மியா இருக்கேன்னு கண்டதை வாங்கிடாதீங்க, ப்யூர் சைன் வேவ்தான் வேணும், மத்ததில் இந்த மோட்டார்கள் முனகும், போர்டும் தகராறு பண்ணும்னு சொல்லி வெச்சிருக்கேன். இந்தத் தடவை அவர் அந்தப் பார்வை பார்க்கலை.